ஆறேகால் மணி மாணவர்

டீச்சரிடம் ஆங்கிலம் படித்த யாருக்கும் அவள் நோட்டில் பெயர் கிடையாது. எல்லாரும் மணிகள்தான். ஆறேகால், ஆறேமுக்கால், ஏழேகால், சாயங்காலத்தில் ஐந்தரை, ஆறு. போனில் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு முகம் தெரியாது; முகம் தெரியாதவர்களின் பெயர் மனதில் நிற்பதில்லை; நேரம் மட்டும் நிற்கும். "ஏழேகாலுக்கு இன்னும் நாக்கு மடங்க மாட்டேங்குது", "ஐந்தரைக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு, இனிமே அவ படிச்ச மாதிரிதான்" என்று சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருப்பாள். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்த அவள் கணவருக்கு இது பழகிப்போய், "ஆறேமுக்காலுக்கு இருமல் விட்டுச்சா?" என்று அவரே விசாரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் என்பது துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு முக்காலி, எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் ஆணி அடித்து மாட்டிய பழைய கம்பளி. பாடம் இருபது நிமிடம். அவளே தட்டச்சு செய்து தைத்த முப்பது பாடங்கள் கொண்ட புத்தகம். கடையில் சாமான் கேட்பது, வழி சொல்வது, டாக்டரிடம் போவது, மேலதிகாரியிடம் விடுப்பு கேட்பது என்று வரிசையாகப் போகும். ஒவ்வொரு பாடத்துக்கும் வீட்டுப்பாடம் ஐந்து வாக்கியம். சொந்தமாக யோசித்து எழுத வேண்டும், மறுநாள் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி ஒரு விதி இருந்தது. குட் மார்னிங் சொன்னதிலிருந்து குட் பை சொல்கிறவரை ஒரு தமிழ் வார்த்தை வரக் கூடாது. வந்தால் பாடம் முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பிக்கும். "தலையில இடி விழுந்தாலும் இங்கிலீஷ்லதான் ஐயோன்னு கத்தணும்" என்று சேருகிற அன்றே எல்லாரிடமும் சொல்லிவிடுவாள். அவர்களும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள்.

அந்த விதி சும்மா வந்ததில்லை. இருபத்து மூன்று வயதில் இயந்திர உதிரிப் பாகங்கள் இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் டெலிபோன் மேஜையில் வேலைக்குச் சேர்ந்தாள். மூன்றாம் நாள் வெளிநாட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டுக் காது கிழியக் கத்தினார். படித்த ஆங்கிலம் அத்தனையும் எங்கேயோ பறந்துவிட்டது. "இருங்க சார், பெரியவரைக் கூப்பிடறேன்" என்று வாயில் தமிழ்தான் வந்தது. பின்னால் நின்ற மேனேஜர் திட்டவில்லை. சிரித்தார். பக்கத்து மேஜைகளுக்கும் கேட்கிற மாதிரி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் காலையில் அவளை ஃபைல் அறைக்கு மாற்றிவிட்டார்கள். மனுஷனைத் திட்டுகிறவனை மன்னித்துவிடலாம். அடுத்தவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று வருஷம் ஃபைல் அறை. ஜன்னல் கிடையாது. அலமாரிக் கதவுகளின் உள்பக்கம் வார்த்தைப் பட்டியல் ஒட்டி வைத்தாள். ரேடியோவில் ஆங்கிலச் செய்தி கேட்டு, செய்தி வாசிப்பவர் எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கே தானும் மூச்சு விட்டு, தூசி படிந்த கட்டுகளுக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். நாலாம் வருஷம் டெலிபோன் மேஜைக்குத் திரும்பி வந்தாள். அதன் பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்த மேஜையில் உட்கார்ந்து ஒரு தமிழ் வார்த்தை பேசவில்லை. அவள் அப்பாவுக்கு முடியவில்லை என்று வீட்டிலிருந்து போன் வந்தபோதுகூட ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள். அதைப் பல நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்வதில்லை.

ஆறேகால் சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வேலை ஏழு மணிக்கு. சீக்கிரமே போய், உடை மாற்றும் அறையில், பூட்டுப் பெட்டிகளுக்கு நடுவே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து பாடம் படிப்பார். கிடங்கில் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாக இருந்தது. சூப்பர்வைசர் என்றால் லாரிக் கம்பெனிகளோடு போனில் ஆங்கிலத்தில் பேச வேண்டும். "இருபது வருஷமா பெட்டி தூக்கறேன் டீச்சர், பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லத் தெரியல" என்று சேர்ந்த அன்று சொன்னார். தமிழில் அவர் அவளிடம் பேசியது அன்று ஒரு நாள்தான்.

சொன்ன பேச்சைத் தட்டாத மாணவர். பாடத்தை அச்சுப் பிசகாமல் ஒப்பிப்பார். ஒரே குறை, அவசரம். எல்லா வார்த்தையையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவார். முக்கியமான வார்த்தைக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று இரண்டு மாதம் சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் வலித்தது.

பதினோராம் பாடம் டாக்டரிடம் பேசுவது. முந்தைய நாள் ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருந்தாள். அன்று சரியாக ஆறேகாலுக்குப் போன் வந்தது. குட் மார்னிங் சொன்னார். குரல் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுப்பாடத்தைச் சொல்லச் சொன்னாள்.

"ஐ ஆம் ஹேவிங் பெயின் இன் செஸ்ட்."

"நோ. ஐ ஹேவ் எ பெயின் இன் மை செஸ்ட். அகெய்ன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "ஐ ஹேவ் எ பெயின் இன் மை..." என்று நிறுத்தினார். நீளமாக ஒரு மூச்சு. "செஸ்ட்."

இரண்டு மாதமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அந்த நிறுத்தம் வந்துவிட்டது. டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எக்ஸலன்ட்" என்றாள். "தட் வாஸ் பெர்ஃபெக்ட். நெக்ஸ்ட்."

"மை லெஃப்ட் ஹேண்ட்..."

"ஆர்ம். மை லெஃப்ட் ஆர்ம்."

"மை லெஃப்ட் ஆர்ம்."

"யெஸ்? ஃபினிஷ் த சென்டென்ஸ்."

"ஒன் மினிட், டீச்சர்."

ஏதோ பிளாஸ்டிக் சாமான் தரையில் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. டீச்சர் காத்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று நிமிடம் காத்திருந்துவிட்டுப் போனை வைத்தாள். நோட்டில் எழுதினாள்: 'செஸ்ட், சரி. ஆர்ம், சரி. நிறுத்தம் மிக நன்று. குட் பை சொல்லாமல் போய்விட்டார். கண்டிக்க வேண்டும்.'

மறுநாள் போன் வரவில்லை. அதற்கடுத்த நாள் அவர் எண்ணிலிருந்து வந்தது. ஒரு பெண் குரல்.

"டீச்சருங்களா? நான் அவரு வீட்டுல பேசறேன். அவரு போயிட்டாருங்க. முந்தாநாள் காலைல, கிடங்குல. நெஞ்சடைப்பு."

டீச்சர் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏழு மணிக்கு வந்தவங்கதான் பாத்தாங்களாம். சுவத்துக்கு அந்தப் பக்கம் மூணு பேரு டீ குடிச்சிட்டு இருந்திருக்காங்க. ஒரு சத்தம் குடுக்கல. போன்ல கடைசியா உங்ககூடத்தான் பேசியிருக்காரு. உங்ககிட்ட ஏதாவது சொன்னாருங்களா? வலிக்குது, கிலிக்குதுன்னு?"

அந்த ஒரு கணத்தில் உண்மை தொண்டைவரை வந்தது. டீச்சர் அதை மென்று விழுங்கினாள்.

"இல்லம்மா. பாடம்தான் படிச்சாரு."

"அதானே. எப்படிச் சொல்லுவாரு? கல்லுளிமங்கன். கால்ல ஆணி குத்தினாக்கூடச் செருப்புல ஓட்டையைப் பாத்தப்புறம்தான் எங்களுக்குத் தெரியும். அந்தப் பெருமைதான் அவரைக் கொண்டுபோச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூணு பேரும் தூக்கிட்டு ஓடியிருப்பாங்க. நானும் எம்பொண்ணும் எதுக்கு இருக்கோம், சொல்லுங்க?"

அவள் அழுததைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம். செத்துப்போன மனுஷன்மேல் அப்படி ஒரு கோபம்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது டீச்சர் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

"இது வீட்டுப்பாடமாவும் இருக்கலாம்ல? டாக்டர் பாடம்னா நெஞ்சுவலின்னு எழுதறது சகஜம்தானே. அவரு எழுதினதைச் சொல்லியிருப்பாரு, அப்புறம் நெசமாவே வந்திருக்கும்."

"அப்படியும் இருக்கலாம்."

"அப்ப அப்படியே வச்சுக்க. நீ போய்ச் சொன்னா உன் நெஞ்சு பாரம் இறங்கும், அந்தம்மா தலைல ஏறும். அவ்வளவுதான்."

டீச்சர் அந்த 'இருக்கலாம்' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பகலில் அது தாங்கியது. விடிகிற நேரத்தில் தாங்கவில்லை. தினமும் ஆறேகாலுக்கு அறைக்குள் போய் முக்காலியில் உட்காருவாள். போன் அடிக்காது. அடிக்காத போனைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு, ஆறேமுக்காலுக்குப் பாடம் எடுப்பாள். ஆறேமுக்கால் வாக்கியத்தின் நடுவில் லேசாகத் தயங்கினால்கூட அந்த நீளமான மூச்சு இவள் காதில் கேட்கும். "நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க, சொல்லி முடிங்க" என்று பதறுவாள். அதையும் தமிழில். மாணவர்கள் குழம்பிப்போனார்கள். தமிழே வரக் கூடாது என்று கழுத்தைப் பிடித்த டீச்சர் இப்போது குட் மார்னிங் சொல்வதற்கு முன்னால், "உடம்பு நல்லா இருக்கா? எங்க உக்காந்திருக்கீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்கிறாள். பத்தாம் பாடம் முடிந்ததும் பன்னிரண்டுக்குத் தாவுகிறாள். ஏழேகால் ஒரு நாள் கேட்டே விட்டான். புத்தகத்தில் தப்பாகத் தைத்துவிட்டேன் என்றாள்.

வீட்டில் துவைக்கும் இயந்திரம் நீர் வடிக்கும்போது ஒரு இழுப்பு இழுத்து நிற்குமே, அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாள். கணவர் இயந்திரத்தைப் பழுது பார்த்தார். அதில் பழுது ஒன்றும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலை, ஆறேகாலுக்குப் போன் அடித்தது. அவர் எண்.

"டீச்சர், நான்தான். அவரு வீட்டுல. எனக்கும் சொல்லிக் குடுப்பீங்களா?"

அவள் ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். புதிதாக ஒரு ஹோட்டலின் துணிகள் வருகின்றனவாம். அங்கிருந்து வருகிற பெண்ணுக்கு ஆங்கிலம் தவிர வேறு தெரியாதாம். "அவரு புக்கு, நோட்டு எல்லாம் அப்படியே கெடக்கு. பாக்கறப்ப எரிச்சலா வருது. நானாவது உருப்படியாப் படிக்கறேன்."

டீச்சர் வேறு நேரம் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கும் வேலை ஏழு மணிக்குத்தான். சரி என்றாள். நோட்டில் ஆறேகால் என்று எழுதப் போய், பேனாவை மூடிவிட்டாள்.

அந்தம்மாள் நன்றாகப் படித்தாள். புருஷனின் நோட்டை வைத்துக்கொண்டு படித்தாள். அவர் ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். அப்படி எழுதக் கூடாது என்று டீச்சர் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் ஏமாற்றியிருக்கிறார். முக்கியமான வார்த்தைக்கு முன்னால் சாய்வாக ஒரு கோடு போட்டிருந்தாராம். அந்தம்மாள் அந்தக் கோட்டைப் பார்த்து நிறுத்துவாள். புருஷன் கோடு போட்டும் நிறுத்தாமல் ஓடிய இடத்தில், கடைசி நாள் அவர் நிறுத்திய அதே அளவு. ஆறேகால் மணிக்கு, அவர் எண்ணிலிருந்து, அவர் நிறுத்தம் வேறொரு குரலில் வரும். டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்பாள்.

நடுநடுவே அவரைப் பற்றிய வசவும் வரும். சூப்பர்வைசர் இடம் வேறொருவனுக்குப் போய்விட்டது என்று ஒரு நாள். "சொல்லாமக் கொள்ளாமப் போனா வேற எவனாவதுதான் உக்காருவான்." மகள் பள்ளியில் பேசுவதே இல்லை என்று ஒரு நாள். "அப்பன் புத்தி. உள்ள வச்சுக்கிட்டே சாகறது." டீச்சருக்கு ஒவ்வொரு வார்த்தையும் சுருக்கென்று தைக்கும். அவர் உள்ளே வைத்துக்கொள்ளவில்லை என்று இந்த உலகத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தெரிந்தும் தெரியாமலும். இருக்கலாம் என்கிற வார்த்தை ஒன்று இருக்கிறதே.

பத்தாம் பாடம் முடிந்தது. மறுநாள், "இன்னிக்குப் பன்னெண்டு" என்றாள் டீச்சர்.

"பதினொண்ணு இருக்கே டீச்சர். அவரு நோட்டுல எழுதியிருக்காரே. அஞ்சு வாக்கியமும் இருக்கு. போறதுக்கு முந்தின நாள் தேதி போட்டிருக்காரு, பாவம்."

டீச்சர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "படிங்க" என்றாள்.

"மை நீ இஸ் பெயினிங் வென் ஐ ஸ்டாண்ட். நீன்னா முழங்கால்தானே? அடுத்தது, மை டாட்டர் ஹேஸ் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ். மூணாவது, டாக்டர், ஐ கேன் நாட் ஸ்லீப் இன் நைட். நாலாவது, மை ஒய்ஃப் நெவர் டேக்ஸ் ரெஸ்ட்." அந்தம்மாள் சிரித்துவிட்டாள். "பாருங்க, டாக்டர்கிட்ட என்னைப் போட்டுக் குடுத்திருக்காரு. அஞ்சாவது, ப்ளீஸ் கிவ் ஸ்மால் டேப்லெட், பிக் டேப்லெட் நாட் கோயிங். அவ்வளவுதான் டீச்சர். எல்லாம் சரியா?"

முழங்கால், காய்ச்சல், தூக்கம், மனைவி, மாத்திரை. நெஞ்சு இல்லை. இடது கை இல்லை.

"லைன் சரியில்லம்மா" என்று சொல்லிவிட்டு டீச்சர் போனை வைத்தாள். அன்று மற்ற மணிகளுக்கெல்லாம் விடுமுறை. கணவர் வேலைக்குக் கிளம்பும்போது முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா?" என்றார்.

"அவரு வீட்டுப்பாடம் சொல்லலைங்க" என்றாள். அவர் கருவிப்பெட்டியைக் கீழே வைத்தார். போகாதே என்று இந்த முறை சொல்லவில்லை.

வழி சொல்லும் பாடத்தில் அந்தம்மாள் சொன்ன அடையாளப்படியே சலவை நிலையம் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்தது. பகல் இரண்டு மணி. உள்ளே நுழைந்ததும் நீராவி முகத்தில் அடித்தது. நீளமான மேஜைகள், மேலே கம்பியில் தொங்கும் சட்டைகள், ஒவ்வொன்றின் காலரிலும் எண் எழுதிய துண்டுச் சீட்டு. கடைசி மேஜையில் ஒல்லியான ஒரு பெண் தலையணை உறைகளை மடிப்புப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேசாமலிருந்தவரை யாரோ. "யாரு வேணும்?" என்று கேட்டதும் தெரிந்துவிட்டது.

"நான் டீச்சர்."

"ஐயோ, வாங்க, வாங்க. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. உக்காருங்க." ஒரு துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். டீச்சர் உட்காரவில்லை. பஸ்ஸில் வரும்போது நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

"அவரு சொன்னாரும்மா. வலிக்குதுன்னு சொன்னாரு. நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

அந்தம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "யாருகிட்டச் சொன்னாரு?"

"எங்கிட்டத்தான். நெஞ்சு வலிக்குதுன்னு ரெண்டு தடவை. அப்புறம் இடது கையின்னு சொன்னாரு. நான் பாடம்னு நெனச்சிட்டேன். தப்பைத் திருத்தி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்."

"இங்கிலீஷ்லயா சொன்னாரு?"

"ஆமா."

"வலிக்கறப்ப எதுக்கு இங்கிலீஷு? தமிழ்ல சொல்ல வேண்டியதுதானே?"

"தமிழ் பேசக் கூடாதுன்னு நான் சொல்லியிருந்தேன்."

பக்கத்து மேஜையில் யாரோ நீராவியைத் திறந்துவிட்டார்கள். டீச்சர் அடி விழட்டும் என்று நின்றாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், கையை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தாள்.

"வீட்டுல நான் சொன்ன ஒரு பேச்சைக் கேட்டதில்ல அந்த மனுஷன்" என்றாள் அந்தம்மாள் மெதுவாக. "நீங்க சொன்னதைக் கேட்டிருக்காரு."

டீச்சர் அழுதாள். அந்தம்மாள் அதைப் பார்க்கவில்லை. அவள் பார்வை மேஜைமேல் பாதி மடித்திருந்த உறையில் இருந்தது.

"எப்படிச் சொன்னாரு? அதே மாதிரி சொல்லுங்க."

"வேண்டாம்மா."

"சொல்லுங்க டீச்சர். நான் கேக்கணும்."

டீச்சர் சொன்னாள். முதலில் அவர் தப்பாகச் சொன்னதை, பிறகு சரியாகச் சொன்னதை. எங்கே நிறுத்தினாரோ அங்கே நிறுத்தி, எவ்வளவு நேரம் மூச்சு வாங்கினாரோ அவ்வளவு நேரம் காத்து, கடைசி வார்த்தையைச் சொன்னாள். நாலு மாதமாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இழை மாறாமல் வந்தது. அந்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உதடு கூடவே அசைந்தது.

பிறகு கண்ணைத் திறந்து, காய்ந்த உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு மாசமா தெனமும் காலைல அவரு படத்தைப் பாத்துத் திட்டிட்டுத்தான் டீச்சர் வேலைக்கு வரேன். வாயைத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லலியே பாவின்னு. இன்னிக்கும் திட்டிட்டுத்தான் வந்தேன்."